பச்சைக் கம்பெனிக்கு ஒரு சேர்மன்

தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்ப் பதினெட்டு வருஷம் ஆன பிறகு, ஒரு திங்கட்கிழமை காலையில், முள்ளிக்கரைக்கு மறுபடியும் ரயில் வந்தது. நாற்பது நிமிஷம் தாமதமாக வந்தது, அதனால் ஊரில் யாருக்கும் அதன் மேல் சந்தேகம் வரவில்லை.

மிளகாய்த் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போன மாடக்கண்ணுதான் முதலில் பார்த்தார். முந்தின நாள் சாயங்காலம் வரப்பு இருந்த இடத்தில், கருங்கல் ஜல்லியும் கட்டையுமாக, பாட்டன் காலத்திலிருந்தே அங்கே கிடப்பது போல இரண்டு தண்டவாளம் மினுங்கிக்கொண்டு கிடந்தது. அவர் குத்தவைத்து, ஒன்றின் மேல் காதை வைத்துக் கேட்டுப் பார்த்தார்; தூரத்தில் என்னமோ கடகடத்தது. எழுந்து, இரண்டு கட்டைகளுக்கு நடுவில் வாய்க்காலைத் திருப்பிவிட்டு, மிச்சப் பாத்திக்கும் பாய்ச்சி முடித்துவிட்டு வீட்டுக்குப் போய், "ரயிலு வருதுட்டீ, வடாகத்தை உள்ள எடு, கரி விழும்" என்று மட்டும் பெண்டாட்டியிடம் சொன்னார். பத்து மணிக்குள் டீக்கடைப் பேச்சியம்மாள் பழைய ஸ்டேஷனை மூடியிருந்த வேலிக்காத்தானை வெட்டித் தள்ளி அடுப்புப் போட்டுவிட்டாள். பதினோரு மணிக்கு வந்த கிராம நிர்வாக அலுவலர் தண்டவாளத்தை நீளவாக்கில் பார்த்தார், அகலவாக்கில் பார்த்தார், பிறகு பதிவேட்டில் 'எப்போதும் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். யார் அனுமதியில் இந்த ரயில் ஓடுகிறது என்று தாலுகா ஆபீஸிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அதுவும் அந்த ரயிலில்தான் வந்தது.

எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டிருந்தால் ஆவுடையம்மாள் சொல்லியிருப்பாள். யாரும் கேட்கவில்லை.

முள்ளிக்கரையில் ரயில்வே இன்ஸ்டிட்யூட் என்று ஓர் ஓட்டுக் கட்டடம் உண்டு. ரயில் இருந்த காலத்தில் சிப்பந்திகள் கேரம் ஆடவும் பத்திரிகை படிக்கவும் கட்டியது. தண்டவாளத்தைக் கொண்டு போனவர்கள் அதைக் கொண்டு போக மறந்துவிட்டார்கள். அதன் சாவி முப்பத்தைந்து வயதான ஆவுடையிடம் இருந்தது. தினம் திறப்பாள், பெருக்குவாள், பழைய பத்திரிகைகளை அடுக்குவாள், பூட்டுவாள். ஊரின் கடைசி ரயிலில் வந்து இறங்கிய ஒரு மரப்பெட்டி, வாங்கிக்கொள்ளக் கையெழுத்துப் போட எல்லாரும் பயந்ததால், பதினெட்டு வருஷமாகப் பார்சல் அறையில் கிடந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. பெறுபவர் பெயர் எழுதும் இடத்தில் 'முள்ளிக்கரை' என்று மட்டும் இருந்தது. எங்கெங்கோ வேலை பார்த்து ஓய்வுபெற்று ஊர் திரும்பிய ரயில்வே கார்டு ராபின்சன், "நான் கையெழுத்துப் போடாத காயிதமா" என்று சொல்லிப் போட்டார், பெட்டியை இன்ஸ்டிட்யூட்டுக்குத் தூக்கி வந்து உடைத்தார்கள்.

உள்ளே ஒரு விளையாட்டு இருந்தது. அறுகோணக் கட்டங்கள் போட்ட ஒரு பெரிய அட்டை. அதில் வரைந்திருந்த குளமும் பொத்தைக் குன்றும் ஓடையும் முள்ளிக்கரையின் குளமும் பொத்தையும் ஓடையுமாகவே இருந்தன. கட்டத்தில் வைக்கத் தண்டவாளம் வரைந்த அட்டைத் துண்டுகள். சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் என்று நாலு ரயில் கம்பெனிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தகரப்பெட்டி, பத்துப் பத்துப் பங்குச் சீட்டுகள். ஒன்று முதல் நாலு வரை நம்பர் போட்ட எஞ்சின் அட்டைகள். கட்டுக்கட்டாகக் காகித நோட்டு. பழைய எழுத்தில் அச்சடித்த பன்னிரண்டு பக்க விதிப் புத்தகம்.

அந்தப் புத்தகத்தை முதலில் ஆவுடைதான் தனியாக உட்கார்ந்து படித்தாள். பதினோராம் பக்கம் வந்ததும் நிறுத்தினாள், எழுந்து போய் ஒரு செம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்தாள், திரும்ப வந்து அந்தப் பக்கத்தை இன்னொரு தரம் படித்தாள்.

ஆட்டத்துக்கு நாலு கை வேண்டும். ராபின்சன் ஒன்று, டெய்லர் காசிம் பாய் ஒன்று, ஆவுடை ஒன்று. நாலாவதாக, எங்கே நாலு பேர் கூடினாலும் நடுவில் நாற்காலி போட்டு உட்காரும் குற்றாலிங்கம் அண்ணாச்சி வந்து உட்கார்ந்தார். ரைஸ் மில் முதலாளி. குரலை உயர்த்த மாட்டார், வேட்டியில் மடிப்புக் கலையாது, வாயில் ஏலக்காய் மணக்கும். கோயில் கமிட்டி, பள்ளிக்கூடக் கமிட்டி, மில்காரர் சங்கம் எல்லாவற்றுக்கும் அவர்தான் தலைவர். வாங்கிய மாலைகளை வாடினாலும் எறியாமல், மில் ஆபீஸ் சுவரில் வரிசையாக இரும்பு ஆணி அடித்து மாட்டி வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆவுடை விதிகளை வாசித்தாள். பத்துப் பங்கில் யாரிடம் அதிகமோ அவரே அந்தக் கம்பெனிக்குச் சேர்மன் என்று வாசித்தாள். தண்டவாளம் எங்கே போக வேண்டும், எந்த எஞ்சின் ஓட வேண்டும், வந்த வருமானத்தைப் பங்குக்காரர்களுக்குப் பிரிப்பதா தகரப்பெட்டியில் போடுவதா எல்லாம் சேர்மன் இஷ்டம் என்று வாசித்தாள். மூணாம் நம்பர் எஞ்சின் விலைக்குப் போனால் ஒன்றாம் நம்பரெல்லாம் துருப்பிடித்துப் போகும், நாலாம் நம்பர் போனால் இரண்டாம் நம்பரெல்லாம் துருப்பிடித்துப் போகும் என்று வாசித்தாள். பதினோராம் பக்கத்துக்கு வரும்போது பேச்சியம்மாள் உளுந்த வடையோடு நுழைந்தாள். மூன்று ஆண்களும் தட்டுப் பக்கம் திரும்பினார்கள். ஆவுடை குரலை உயர்த்தவில்லை, தாழ்த்தவும் இல்லை, ஒரு எழுத்து விடாமல் வாசித்து முடித்தாள். மறைத்தாள் என்று அவளை யாரும் சொல்ல முடியாது.

அன்றைக்கு அவர்கள் அட்டையில் ஆறு துண்டு வைத்தார்கள். மறுநாள் காலையில்தான் மாடக்கண்ணு வாய்க்காலைத் திருப்பினார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமையில் எது அட்டையில் நடந்ததோ அது திங்கட்கிழமை ஊரில் நடந்தது, ஊரும் மழை வெயிலுக்குப் பழகுவது போல அதற்குப் பழகிக்கொண்டது. பண்டாரகுளத்துக்காரர்கள் ஒரு வண்டிப் பலாப்பழத்தோடு இன்ஸ்டிட்யூட் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்று, "எங்க ஊரு பக்கமா ரெண்டு துண்டு வையுங்க சாமி" என்று கேட்டு, வைத்த பிறகுதான் போனார்கள். ஒரு கிழவர், "அந்த வளைவைக் கொஞ்சம் நிமித்துங்கய்யா, எம் மவளுக்கு வாந்தி வருது" என்று மனுக் கொடுத்தார். கல்யாணத் தரகர்கள் 'ரயிலுக்கு நடந்து போகிற தூரம்' என்று ஜாதகத்தின் பின்னால் எழுதினார்கள். தேர் ரதவீதியைச் சுற்றும்போது தண்டவாளத்தைத் தாண்டும் இடத்தில் சாமிக்கும் இரண்டு நிமிஷம் கேட் அடைக்கப்பட்டது, சாமி பொறுத்துக்கொண்டது. மூணாம் நம்பர் எஞ்சின் முதன்முதலாக விலைக்குப் போன வாரம், ஒன்றாம் நம்பர் எஞ்சின்கள் நின்ற இடத்திலேயே ஒரே ராத்திரியில் செம்பழுப்பாகி, சக்கரத்தில் பிரண்டை ஏறி, கூண்டில் ஆடு படுக்கக் கிடந்தன; அந்தந்தத் தோட்டத்துக்காரர்கள் அவற்றின் பாய்லருக்குள் கோழி அடைத்தார்கள்.

சேர்மனுக்கு மாலை போடுகிற வழக்கத்தையும் ஊர்தான் கொண்டுவந்தது. மாலை போடாமல் ஒருத்தரைச் சேர்மன் என்று கூப்பிட முள்ளிக்கரைக்காரர்களுக்கு நாக்கு வராது. அதோடு, ஜன்னலுக்கு வெளியே மனுவோடு நிற்கிறவர்களுக்கு யாரைப் பார்த்துக் கும்பிடுவது என்று தெரிய வேண்டுமே! ஆகவே, கம்பெனி கையில் இருக்கிற வரை சேர்மன் மாலையைக் கழற்றக் கூடாது என்று ஆனது. ஆட்டம் முடிந்து போனாலும் அடுத்த ஞாயிறு வந்து உட்கார்ந்ததும் மாலை ஏறும். சிவப்புக் கம்பெனி மாலையோடு குற்றாலிங்கம் அண்ணாச்சி உட்கார்ந்திருக்கும்போது அவருக்கு முகமே வேறாக இருக்கும். எதிரே பச்சைக் கம்பெனி மாலையோடு ஆவுடை உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது அந்த முகம் கொஞ்சம் இறங்கும்.

"கண்டக்டர் மவளுக்கு வந்த யோகத்தைப் பாருங்க பாய்" என்பார்.

"ஆமா அண்ணாச்சி" என்பாள் ஆவுடை.

அவளுடைய அப்பா பால்வண்ணன் கண்டக்டராக இருந்தவர்தான். ரயில் நின்று போனதும் குற்றாலிங்கம் ஊர்க்காரர்களிடம் பங்கு திரட்டி ஒரு பஸ் கம்பெனி தொடங்கினார். மூன்று நல்ல வண்டி, ஒரு ஓட்டை வண்டி. மூன்று வருஷம் நன்றாக ஓடியது. ஒரு நாள் அவர் பால்வண்ணனை ஆபீஸுக்குக் கூப்பிட்டு, ஜரிகை நூல் வைத்துக் கட்டிய பெரிய மாலையைப் போட்டு, "இனிமே நீருதான்வே சேர்மன், உம்ம மாதிரி நாணயமான ஆளு எனக்கு எங்க கிடைப்பான்" என்று சொல்லித் தன் நாற்காலியிலேயே உட்கார வைத்தார். பால்வண்ணன் அந்த மாலையோடேயே வீட்டுக்கு நடந்து வந்தார். தெருவே எழுந்து நின்றது. இருபது வயது ஆவுடை அப்பாவுக்கு ஆரத்தி எடுத்தாள். மூன்று நல்ல வண்டிகளையும் முந்தின வாரமே குற்றாலிங்கம் தன் சொந்தப் பேருக்கு, வண்டிக்கு ஒரு ரூபாய் என்று எழுதி மாற்றிக்கொண்டது அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. ஓட்டத்தில் மிச்சம் இருந்தது ஓட்டை வண்டி ஒன்றுதான். நாலாம் நாள் அது பிரேக் பிடிக்காமல் உப்போடைப் பாலத்திலிருந்து விழுந்தது. ஒன்பது பேர் செத்துப் போனார்கள்.

எல்லாரும் சேர்மன் எங்கே என்றார்கள். சேர்மன் பால்வண்ணன்.

"நல்ல வண்டியெல்லாம் போன வாரந்தான் கை மாறிச்சுன்னு கோர்ட்டுல ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க மொதலாளி" என்று விலங்கு போட்ட கையால் கும்பிட்டு அவர் கேட்டபோது, ஆவுடை பக்கத்தில் நின்றிருந்தாள். குற்றாலிங்கம் ஏலக்காயை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு, "சேர்மன் நீருல்லா?" என்று மட்டும் கேட்டார். உள்ளே போன பால்வண்ணன் அந்த ஒரு வார்த்தைக்காக மாதம் ஒரு கடிதம் எழுதிக் கேட்டார். இரண்டு வருஷம் மூன்று மாதம் கேட்டார். பிறகு அவருடைய துணிமூட்டை மட்டும் வீட்டுக்கு வந்தது. ஒன்பது வீட்டுக்காரர்களும் ஆவுடை தண்ணீர் எடுக்க வந்தால் குழாயடியை விட்டு விலகிப் போனார்கள். பூவெல்லாம் உதிர்ந்து போன அந்த மாலையின் ஜரிகை நூலை அவள் சுருட்டி, இன்ஸ்டிட்யூட் சாவியோடு சேர்த்துக் கட்டி, பதினைந்து வருஷமாக இடுப்பில் செருகியிருந்தாள்.

அவளுக்கு அவசரம் இல்லை.

பதினோராம் பக்கத்தில் இருந்தது பொய்யில்லை என்று காசிம் பாய்தான் அவளுக்குக் காட்டிக்கொடுத்தார். ஒரு ஞாயிறு மஞ்சள் கம்பெனிக்கு எஞ்சின் வாங்கத் தகரப்பெட்டியில் கொஞ்சம் குறைந்தது. சேர்மன் அவர்தானே, சொந்தக் கை நோட்டைப் போட்டார், அதுவும் ஒரு சிட்டிகை குறைந்தது. "இருக்கட்டும், பொறவு பாத்துக்கிடலாம்" என்று எழுந்து போனார். காலையில் பார்த்தால் அவருடைய தையல் மிஷினில் கைச்சக்கரம் இல்லை. புது மஞ்சள் எஞ்சினில் நீராவி திறக்கிற சக்கரமாக அது பளபளவென்று சுற்றிக்கொண்டிருந்தது. பாய் அதைத் தடவிப் பார்த்து, "அடேங்கப்பா, இங்கன நல்லாத்தான் ஓடுது" என்று சொல்லிவிட்டு வேறு சக்கரம் வாங்கி மாட்டிக்கொண்டார். அந்த ஞாயிறு குற்றாலிங்கம் பாதி ஆட்டத்திலேயே எழுந்து போயிருந்தார். கோயில் கமிட்டியில் அவருக்கு மாலை.

பிறகு ஆவுடை பச்சைக் கம்பெனியை ஊரே கண் வைக்கிற கம்பெனியாக்கினாள். ஸ்டேஷனிலிருந்து குளக்கரை, குளக்கரையிலிருந்து பண்டாரகுளம், பண்டாரகுளத்திலிருந்து உப்போடைப் பாலம், பாலத்திலிருந்து மாடக்கண்ணுவின் மிளகாய்த் தோட்டம், தோட்டத்திலிருந்து திரும்ப ஸ்டேஷன் என்று ஒரு வளையமாகப் பச்சைத் தண்டவாளத்தை இழுத்தாள். வந்த வருமானம் ஒவ்வொன்றையும் தகரப்பெட்டிக்குக் காட்டாமல் பங்குக்காரர்களுக்கே பிரித்துக் கொடுத்தாள். பச்சைச் சீட்டு ஒன்று வைத்திருந்தவன் சிரித்தான். வைத்திராதவன் எச்சில் விழுங்கினான். குற்றாலிங்கம் முதலில் ஒன்று வாங்கினார், பிறகு ஒன்று, பிறகு சிவப்புச் சீட்டுகளையெல்லாம் ராபின்சனுக்கு விற்றுவிட்டு இன்னும் இரண்டு. அவர் கையில் நாலு, ஆவுடை கையில் ஐந்து, காசிம் பாயிடம் ஒன்று. ஜன்னலுக்கு வெளியே கூட்டம் பச்சை மாலையைப் பார்த்துக் கும்பிடும்போதெல்லாம் அவர் சீட்டுகளை எண்ணுவார். எத்தனை தரம் எண்ணினாலும் நாலுதான் வரும்.

ஒரு ஞாயிறு ஆவுடை, பச்சையிடம் இருந்த நல்ல எஞ்சினை, அந்த ஒரே ஒரு மூணாம் நம்பரை எடுத்து, தான் புதிதாகத் தொடங்கியிருந்த நீலக் கம்பெனிக்கு ஒரு ரூபாய் நோட்டுக்கு விற்றாள். பச்சைக்கு மிச்சம் இரண்டாம் நம்பர் எஞ்சின் இரண்டுதான்.

"ஒரு ரூவாய்க்கா?" என்று குற்றாலிங்கம் சிரித்தார். "ஏ புள்ள, ஏவாரம்னா என்னன்னு உங்கப்பன் சொல்லிக் குடுக்கலியா?"

"இல்ல அண்ணாச்சி. வேற ஒருத்தரு செஞ்சதைப் பாத்துக் கத்துக்கிட்டேன்."

அதற்கும் சிரித்தார். பதினைந்து வருஷத்துக்கு முந்தி ஒரு ரூபாய்க்குத் தான் வாங்கியது அவர் ஞாபகத்திலேயே இல்லை. அதைக் கண்டபோதுதான் ஆவுடைக்குள் கடைசியாக ஈரமாயிருந்த ஏதோ ஒன்றும் காய்ந்தது.

அடுத்த ஞாயிறு அவள் ஒரு துணிப்பையோடு வந்தாள்.

"அண்ணாச்சி, என் பச்சைச் சீட்டு அஞ்சையும் குடுத்துரலாம்னு இருக்கேன். நீலத்துக்குப் பணம் வேணும்."

ராபின்சன் கண்ணாடியைக் கழற்றினார். "பாப்பா, குடுத்தா சேர்மன் போயிரும்மா."

"தெரியும் சார்."

"பாய்க்கு ரெண்டு, எனக்கு ரெண்டுன்னு பிரிச்சுக் குடேன்."

"எதுக்குப் பிரிக்க?" குற்றாலிங்கம் குரல் முதல்முறையாகக் கொஞ்சம் உயர்ந்தது. "அஞ்சையும் நானே எடுத்துக்கிடுதேன். அந்தப் புள்ள என்கிட்டல்லா கேட்டுது? என்ன புள்ள?"

"உங்ககிட்டத்தான் கேட்டேன் அண்ணாச்சி."

மடியிலிருந்த காகித நோட்டையெல்லாம் கொட்டி ஐந்து சீட்டையும் வாங்கினார். நாலும் ஐந்தும் ஒன்பது. ஆவுடை தன் கழுத்து மாலையைக் கழற்றி வைத்தாள். "பழசு எதுக்கு உங்களுக்கு" என்று பைக்குள்ளிருந்து புது மாலையை எடுத்தாள். செவ்வந்தியும் மரிக்கொழுந்துமாக அவளே விடிய எழுந்து கட்டியது. நூல் மட்டும் பழைய ஜரிகை நூல். குற்றாலிங்கம் கழுத்தை நீட்டினார். வெளியே நின்ற கூட்டம் அவரைப் பார்த்துக் கும்பிட்டது. அவர் கண் கலங்கிக்கூட இருந்தது.

ஆவுடை கையில் வந்த நோட்டை நீலத் தகரப்பெட்டியில் போட்டு, அந்தப் பணத்துக்கு மரப்பெட்டியிலிருந்து ஒரு கனத்த அட்டையை வாங்கி மேஜையில் வைத்தாள். நாலாம் நம்பர் எஞ்சின்.

"பாப்பா," என்றார் ராபின்சன் மெதுவாக, "நாலு வந்தா ரெண்டாம் நம்பரெல்லாம் துருப்பிடிச்சிரும்."

"பிடிக்கட்டும் சார்."

காசிம் பாய் மேஜை மேல் கிடந்த இரண்டாம் நம்பர் அட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பெட்டிக்குள் போட்டார். சிவப்புக்கும் மஞ்சளுக்கும் மூணாம் நம்பர் மிஞ்சியது, பச்சைப் பக்கம் மட்டும் வெறுமையாயிற்று.

குற்றாலிங்கம் மாலையைச் சரிசெய்துகொண்டே, "பச்சைக்கு ஒரு மூணாம் நம்பர் இருந்துச்சுல்லா?" என்றார்.

"போன வாரம் கை மாறிச்சு அண்ணாச்சி. நீங்ககூடச் சிரிச்சீங்களே."

அப்போது பேச்சியம்மாள் வடையோடு வந்தாள். இந்தத் தடவை யாரும் திரும்பவில்லை. ஆவுடை விதிப் புத்தகத்தைத் திறந்து பதினோராம் பக்கத்தை வாசித்தாள், முன்பு வாசித்த அதே குரலில்.

"தண்டவாளம் உள்ள கம்பெனி எஞ்சின் இல்லாமல் இருக்கலாகாது. தகரப்பெட்டியில் பணம் போதாவிடில், சேர்மன் ஆனவர் தம் சொந்தக் கையிலிருந்து இட்டு எஞ்சின் வாங்கக் கடவர். சேர்மன் ஆனவர் தம் சீட்டுகளைப் பெட்டியில் திரும்பப் போடலாகாது. வேறொருவர் மனமுவந்து கைநீட்டி வாங்கினால் ஒழியச் சேர்மன் பதவி அவரை விட்டு நீங்காது."

"சரி, அதுக்கென்ன" என்றார் குற்றாலிங்கம். "காயித நோட்டுதான? எங்கிட்ட இல்ல. ஆட்டத்துல தோத்தேன்னு வச்சுக்கிடுங்க."

காசிம் பாய் தாடியைத் தடவினார். "என் தையல் மிஷின் சக்கரம் அந்த எஞ்சின்ல இருந்துச்சு அண்ணாச்சி. அது சொந்தக் கைன்னா சொந்தக் கைதான் பாத்துக்கிடுங்க."

குற்றாலிங்கம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "இதை யாரும் எங்கிட்டச் சொல்லலியே!"

"வாசிக்கும்போது வடை தின்னுக்கிட்டு இருந்தோம். சக்கரம் போனன்னைக்கு நீங்க மாலை வாங்கப் போயிருந்தீங்க" என்றார் ராபின்சன்.

அவர் எழுந்தார், உட்கார்ந்தார், மாலையில் கை வைத்தார். ஜன்னலுக்கு வெளியே நூறு பேர் கும்பிட்ட கையோடு நின்றார்கள், அத்தனை கண்ணுக்கு முன்னால் அதைக் கழற்ற அவருக்குக் கை எழவில்லை. மேஜை மேல் குனிந்து, ஆவுடைக்கு மட்டும் கேட்கும்படி, "நல்ல எஞ்சினை நீதான் முன்னாலயே எடுத்துட்டேன்னு, இந்த ஆட்டம் செல்லாதுன்னு ஒரு வார்த்தை சொல்லு புள்ள. ஒரே ஒரு வார்த்தை" என்றார். ஏலக்காய் மணந்தது.

ஆவுடை புத்தகத்தை மூடினாள்.

"சேர்மன் நீங்கள்லா அண்ணாச்சி?"

திங்கட்கிழமை காலையில் ரைஸ் மில் இருந்த இடத்தில் சிமெண்டுத் தரையும் உமியும் மட்டும் இருந்தன. ஸ்டேஷனில் ஒரு கரும்பச்சை எஞ்சின் நின்றது. மில்லின் பாய்லர் அதன் வயிறாகவும், மில்லின் புகைபோக்கி அதன் புகைபோக்கியாகவும், வீட்டு இரும்புக் கேட் அதன் முன் பல்வரிசையாகவும், இரும்புப் பெட்டி அதன் கரிப்பெட்டியாகவும் ஆகியிருந்தன. பீரோவும் கட்டில்களும் ஊஞ்சல் சங்கிலியும் பின்னால் ஒற்றைப் பெட்டியாகச் சேர்ந்திருந்தன. மாலை மாட்டிய ஆணிகள் ஒன்று விடாமல் ரிவிட்டுகளாக இறங்கியிருந்தன. மில்காரர் பெண்சாதி சாவிக்கொத்தோடு வெறுந்தரையில் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "திறக்கத்தான் ஒண்ணும் இல்லையே" என்று அதை உமியில் போட்டுவிட்டு, நீல ரயிலேறி அண்ணன் வீட்டுக்குப் போனாள். நெல் காயப்போடுகிற பெண்கள் முப்பது பேர் ஆவுடையிடம் வந்து, "உம் பழி தீந்துச்சு, எங்க கஞ்சிக்கு வழி?" என்று கேட்டார்கள். அதை அவள் யோசித்திருக்கவில்லை. முப்பது பேரையும் நீலக் கம்பெனியில் கரி அள்ள எடுத்துக்கொண்டாள்.

குற்றாலிங்கம் கழுத்தில் மாலையோடு, கையில் ஒன்பது சீட்டோடு தன் எஞ்சினைப் பார்க்க வந்தார். பெட்டிக்குள் அவர் வீட்டுச் சாய்வு நாற்காலி கிடந்தது. ஏறி உட்கார்ந்தார். அது ஒன்றுதான் அவருக்கென்று மிஞ்சியிருந்தது. வண்டி நகர்ந்தது.

அன்றிலிருந்து அது வளையத்தில் சுற்றுகிறது. சிவப்புக் கொடி காட்டினால் ஒழிய நிற்காது. உப்போடைப் பாலத்தில் ஏறும்போது ஒன்பது தரம் கூவும். ஊர் அதற்கும் பழகிக்கொண்டது: சேர்மன் வண்டி போன பிறகு உலை வைப்பது, சேர்மன் வண்டி வருவதற்குள் மிளகாய் அள்ளுவது என்று ஆனது. புதிதாகப் பதவிக்கு வருகிறவர்கள் மாலையைக் கழுத்தில் வாங்காமல் கையில் வாங்கிப் பக்கத்தில் வைத்துவிடுகிறார்கள். பூக்கட்டுகிறவர்கள் கல்யாணத்தை நம்பிப் பிழைக்கிறார்கள். ஒன்பது வீட்டுப் பெண்களும் இப்போது குழாயடியில் ஆவுடையின் குடத்துக்கு இடம் விடுகிறார்கள்.

மிளகாய்த் தோட்டத்துப் பக்கம் கேட் கீப்பர் வேண்டும் என்று வந்தபோது ஆவுடை இன்ஸ்டிட்யூட் சாவியை ராபின்சனிடம் கொடுத்துவிட்டு அந்த வேலைக்குப் போனாள். அவளுக்கு இரண்டு கொடி கொடுத்தார்கள். தினம் நாலு பத்துக்கு வண்டி வரும்போது ஜன்னலில் ஒரு கை நீளும், அதில் ஒன்பது சீட்டு விரிந்திருக்கும். முதல் மாதம், "ஏ புள்ள, வாங்கித் தொலை!" என்று சத்தம் வந்தது. பிறகு "ஆவுடை" என்று வந்தது. பிறகு "தாயீ" என்று வந்தது. இப்போது கை மட்டும்தான் வருகிறது. கழுத்திலே செவ்வந்தி இன்னும் வாடவில்லை. அவள் பச்சைக் கொடியைக் காட்டுவாள். சிவப்புக் கொடி இடக்கையில் சுருட்டியபடியே இருக்கும். வாரம் ஒரு தரம் அதையும் துவைத்து, நிழலில் காயப்போட்டு, திரும்பச் சுருட்டி வைப்பாள்.

ஒரு வியாழக்கிழமை ராபின்சன் சைக்கிளை உருட்டிக்கொண்டு கேட்டுக்கு வந்தார்.

"பாப்பா, உங்கப்பா எவ்வளவு காலம் கேட்டாரு?"

"ரெண்டு வருஷம் மூணு மாசம் சார்."

"இன்னையோட அதுவும் ஆச்சு. நான் தேதி போட்டுப் பாத்துக்கிட்டுத்தான் வந்திருக்கேன்." அவர் அவள் இடக்கையைப் பார்த்தார், பிறகு தண்டவாளத்தைப் பார்த்தார். "விரிச்சா நின்னுரும்லா?"

"நின்னுரும் சார்."

தூரத்தில் பாலத்தில் வண்டி கூவியது. ஒன்பது. கேட்டை அடைத்துவிட்டு அவள் தன் இடத்தில் போய் நின்றாள். புல்லுக்கட்டோடு நாலு பெண்களும் ஒரு மாட்டு வண்டிக்காரரும் கேட்டுக்கு வெளியே காத்திருந்தார்கள். வண்டி வந்தது, ஜன்னலில் கை நீண்டது, ஒன்பது சீட்டும் காற்றில் படபடத்தன. அந்தக் காற்றில்தான் இடக்கையிலிருந்த சிவப்புக் கொடியின் நுனி பிடி நழுவி ஒரு சாண் விரிந்தது. எஞ்சின் அதைப் பார்த்தது போலக் கொஞ்சம் மூச்சை அடக்கியது. உள்ளே சாய்வு நாற்காலியிலிருந்து ஓர் உருவம் பாதி எழுந்தது.

ஆவுடை குனிந்து பார்த்தாள். கொடியின் நுனியை முழங்காலில் வைத்து அழுத்தி, ஒரு சுற்று, இரண்டு சுற்று, இறுக்கமாகச் சுருட்டினாள். பச்சைக் கொடியை எப்போதையும்விட உயரமாகத் தூக்கிப் பிடித்தாள்.

வண்டி கடந்து போனதும் கேட்டைத் திறந்துவிட்டாள்.

"போங்க, போங்க" என்றாள் காத்திருந்தவர்களிடம். "இனி நாளைக்குத்தான்."